வயசு மறதியா, அல்சைமரா? நீங்க கேட்டதுல சில

அப்பாவுக்கு 71. தினமும் கண்ணாடிய தேடுறார். அல்சைமரா இருக்குமோ?

தேடி எடுத்துடறாரா, இல்ல ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்து கிடைக்குதா? நல்லா இருக்கற பெரியவங்களுக்கும் ஒரு பேரு சட்டுனு வராது, கொஞ்ச நேரம் கழிச்சு தானா வந்துடும். அல்சைமர்ல புதுசா நடந்தது மனசுல பதியறதே இல்ல, ஏன்னா புது நினைவ சேத்து வைக்கற ஹிப்போகாம்பஸ்ங்கற மூளைப் பகுதியதான் நோய் ஆரம்பத்துலயே அரிக்குது, அதனால காலைல இட்லி சாப்டீங்களேன்னு எடுத்துக் குடுத்தாலும் ஞாபகம் வராது, ஆனா 40 வருஷம் முன்னாடி நடந்த தங்கச்சி கல்யாணத்த பந்தி உட்பட சொல்வாங்க. அத கேட்டு "அவருக்கு என்ன, நல்லாத்தானே இருக்கார்"னு வீட்ல விட்டுடறாங்க, எனக்கு வருத்தமே அங்கதான்.

அம்மா ஒரு வருஷமா இளைச்சுட்டே போறாங்க, பிபியும் குறைஞ்சிருச்சு. மறதியும் இருக்கு.

இத லேசா எடுத்துக்காதீங்க. அல்சைமர் வர்ற பலருக்கு நோய கண்டுபிடிக்கறதுக்கு சில வருஷம் முன்னாடியே எடை இறங்க ஆரம்பிச்சுடும். பிபி கதை இன்னும் குழப்பம். நடுவயசுல பிபி ஏறி இருந்தா பின்னாடி டிமென்ஷியா (அல்சைமர் மாதிரி நோய்ல வர்ற, அன்றாட வாழ்க்கையவே பாதிக்கற மறதி) ஆபத்து கூடுது, ஆனா நோய் நெருங்கற காலத்துல அதே பிபி இறங்கிடுது. அதுக்காக மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. தைராய்டு, டிபி, கேன்சர், பல்செட் சரியில்லாம சாப்பிட முடியாதது, இதெல்லாம் இல்லன்னு முதல்ல பாத்துடணும்.

தாத்தா காது மெஷின் வேணாம்ங்கறார், விட்டுடலாமா?

விடாதீங்க. 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட நிபுணர் குழு, டிமென்ஷியாவுக்கு நாம மாத்தக்கூடிய 14 காரணம் சொல்லுச்சு, அதுல காது கேக்காததும் ஒண்ணு. சுகர், புகை, தனிமை எல்லாம் அதுல இருக்கு.

பாட்டிக்கு அல்சைமர் இருந்துச்சு. நான் ஜீன் டெஸ்ட் எடுக்கவா?

தேவையில்ல. அல்சைமர் ஆபத்த கூட்டற ஏபிஓஇ4 ஜீன் இருந்தும் கடைசி வரைக்கும் தெளிவா இருந்தவங்க உண்டு, அது இல்லாமலே நோய் வந்தவங்களும் உண்டு.

டாக்டர்கிட்ட போறப்ப என்ன கொண்டுபோகணும்?

பி12, தைராய்டு ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டு போங்க, ரெண்டும் குறைஞ்சாலே மறதி வரும், மனச்சோர்வும் அப்படித்தான். அங்க ஞாபகம், யோசனை எல்லாம் பாக்க 30 மார்க்குக்கு ஒரு டெஸ்ட் வைப்பாங்க, படிக்காதவங்களுக்கு அதுல மார்க் குறையும், அத வச்சு மட்டும் பயந்துடாதீங்க. அத விட முக்கியம் ஒரு பேப்பர்: போன பொங்கலுக்கு தானா செஞ்சு இப்ப முடியாதது என்னென்ன, பால் கணக்கா, குழம்புல உப்பா, வீட்டுக்கு திரும்பற வழியா, எழுதிட்டு போங்க.