பெல்லோஸ் பெட்டி: 4×5-ல இருந்து 8×10-க்குத் தாவலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு செங்கோட்டை. ரொம்ப நாளா 4×5 இஞ்ச் ஷீட் பிலிம்ல கருப்பு வெள்ளை எடுக்கேன், 150 எம்எம் லென்ஸ் ஒண்ணு, ஷீட்டு போடுற ஹோல்டர் அஞ்சாறு இருக்கு. இப்ப தெரிஞ்சவர்ட்ட ஒரு 8×10 கேமரா விலைக்கு வருது. கேரளா பக்கம் கழுதுருட்டி 13 கண் ரயில் பாலத்தை அதுல எடுக்கணும்னு ஆசை. என்லார்ஜர் (நெகட்டிவ பெருசாக்கி பிரின்ட் போடுற கருவி) கிடையாது, ஸ்கேன் பண்ணித்தான் பாக்கேன். வாங்கவா, இல்ல 5×7 போதுமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: தம்பி, கேமரா கெடக்கட்டும், நெகட்டிவ வச்சு என்ன செய்யப் போறீங்க? ஸ்கேன் பண்ணி போன்ல போடத்தான்னா உங்க 4×5-யே தேவைக்கு மேல, இதுக்கு மேல செலவு பண்றது வீண். 8×10-ஓட ருசியே கான்டாக்ட் பிரின்ட்லதான். என்லார்ஜர் வேண்டாம், பேப்பர் மேல நெகட்டிவ வச்சு கண்ணாடிய அமுக்கி ஒரு சாதா பல்ப போட்டா போதும், எட்வர்ட் வெஸ்டன் 8×10 நெகட்டிவ அப்படித்தான் போட்டாரு. சயனோடைப் (நீல நிறத்துல வர்ற பழைய பிரின்ட் முறை) பண்ற ஆசை இருந்தா பல்பும் வேண்டாம், நம்மூரு வெயிலே வேலையப் பாத்துரும். இதுல இறங்குறதா இருந்தா வாங்குங்க.

இப்ப செலவு. 20 சதுர இஞ்ச் 80 ஆகுது, அதனால பிலிம் விலை ஏறக்குறைய நாலு மடங்கு, கெமிக்கலும் அப்படித்தான், ஒரு 36 பிலிம் ரோலுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு டெவலப்பர ஒரே ஷீட்டு குடிச்சிரும். உங்க 150 லென்ஸ் இதுக்கு ஆகாது, நடுவுல ஒரு வட்டம் மட்டும் விழுந்து சுத்தி இருட்டா இருக்கும். 300 எம்எம் வேணும். 8×10-க்கு மூலைக்கு மூலை 312 மிமீ வட்டம் வேணும், பாலத்துக்கு முன் பலகைய மேல தூக்குவீங்கல்ல, அப்ப இன்னும் பெருசா வேணும், பழைய லென்ஸ்னா வாங்குறதுக்கு முன்னாடியே கேமராவுல மாட்டி, பலகைய தூக்கி, பின்னாடி பிம்பம் தெரியிற கிரவுண்ட் கிளாஸோட நாலு மூலையும் இருட்டாம இருக்கான்னு பாத்துருங்க.

ஆனா பணத்த விட பெரிய தலைவலி ஷட்டர் நேரம், இத யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. 4×5-ல லென்ஸ் துவாரத்த f/22-ல வச்சு முன்னாடி செடி, பின்னாடி பாலம் ரெண்டும் ஷார்ப்பா வருதுன்னு வச்சுக்குங்க, அதே ஷார்ப்பு 8×10-ல வேணும்னா துவாரத்த இன்னும் சின்னதாக்கி f/45-க்கு போகணும். மேகமூட்டமா இருக்கையில அரை செகண்டு எடுத்தது 2 செகண்டு ஆகும், HP5 பிலிம்னா ரெசிப்ராசிட்டி (நேரம் நீள நீள பிலிமோட உணர்வு கொறையிறது) சேத்து ரெண்டரை. பாலம் 1904-ல இருந்து அசையாம நிக்கி, ஆனா அதுக்கு முன்னாடி நிக்கிற மரமும் கொடியும் அப்படி நிக்காதுல்ல. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் அந்தப் பக்கம் மழை, கணவாய் தாண்டி நம்ம பக்கம் சாரலோட காத்து, நீட்டி வச்ச பெல்லோஸ் (கேமராவோட மடிப்புத் துருத்தி) பாய்மரம் மாதிரி காத்தப் பிடிக்கும், டிரைபாட் எவ்வளவு கனமா இருந்தாலும் கேமரா நடுங்கும். கால்கள கொஞ்சமா நீட்டி தாழ வைங்க, காத்து வர்ற பக்கம் வண்டிய நிறுத்துங்க, இல்லன்னா கூட வர்ற ஆள பெரிய குடையோட நிக்க வைங்க. ஹோல்டர மூடியிருக்கிற தகடு, டார்க் ஸ்லைட உருவின உடனே அழுத்தாதீங்க, ஈரக்காத்து பட்டா இவ்வளவு பெரிய ஷீட்டு லேசா உப்பும், கொஞ்சம் பொறுத்து காத்து அடங்கையில கேபிள அமுக்குங்க. ஜனவரி, பிப்ரவரியில போனா பாதித் தொல்லை இல்ல.

5×7 பத்தி கேட்டீங்க. அளவு அழகுதான், 35 சதுர இஞ்ச், 210 லென்ஸ் ஜம்முனு மூடும், கான்டாக்ட் பிரின்டும் கையடக்கமா இருக்கும். ஆனா 4×5, 8×10 அளவுக்கு பிலிம் கெடைக்காது. 13×18 சென்டிமீட்டர்னு ஐரோப்பா பிலிம் வருதே அது கிட்டத்தட்ட அதே சைஸ்தானேன்னு வாங்கிராதீங்க, 5×7 ஹோல்டர்ல அது இறங்காது. என் ஓட்டு 8×10-க்கு. வாங்கையிலயே அதுக்கு 4×5 ரெடியூசிங் பேக் கெடைக்குமான்னு கேளுங்க, இருந்தா உங்க பழைய ஹோல்டர் எல்லாம் அதே கேமராவுல ஓடும். ஆரம்பத்துல ஹோல்டர் ரெண்டு போதும், கனத்தத் தூக்கிப் பாத்தா நீங்களே ஒத்துக்குவீங்க.

பிலிம் பெட்டிய உடைக்கதுக்கு முன்னாடி போட்டோ பேப்பரையே ஹோல்டர்ல போட்டு பழகுங்க. சிவப்பு விளக்குலயே போடலாம், ISO 6-னு கணக்கு வச்சா நல்ல வெயில்ல f/45-க்கு ஒண்ணு ஒண்ணரை செகண்டு வரும், பிரின்ட் போடுற டிரேயிலயே கழுவிரலாம். ஒண்ணு கவனிங்க, பேப்பர் முழு 8×10 இருக்கும், பிலிம் ஷீட்டு அதவிட அரை நூல் (இஞ்சுல பதினாறுல ஒரு பங்கு) கம்மி. நீளத்துல ஒரு ஓரம், அகலத்துல ஒரு ஓரம் அரை நூல் சீவாம விட்டா ஹோல்டர் பள்ளத்துல ஏறாது, அமுக்கித் தள்ளினா நடுவுல வளைஞ்சுக்கும்.

கேள்வி: எங்க தாத்தா ஸ்டுடியோ வச்சிருந்தாங்க. அவங்களோட வாகீஸ்வரி கேமரா பரண்ல கெடக்கு, முழு பிளேட் சைஸுன்னு சொல்லுவாங்க. இதுல இப்ப கெடைக்கிற பிலிம் போட முடியுமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: ஆலப்புழையில செஞ்ச மரக் கேமராம்மா அது, வித்துராதீங்க. முழு பிளேட்னா 6½×8½ இஞ்ச், இன்னைக்குக் கடையில சுலபமா கெடைக்கிற எந்த ஷீட்டும் அதுல நேரா உக்காராது. ராத்திரி லைட்ட அணைச்சு பெல்லோஸ் உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, மடிப்பு மூலையில வெளிச்சம் ஒழுகினா மொதல்ல அத ஒட்டணும். பழைய ஸ்லைடு, அதாவது அதோட ஹோல்டர், கண்ணாடி பிளேட்டுக்குச் செஞ்சது, பிலிம் நிக்க உள்ள மெல்லிசா தகடு உறை வேணும், பெட்டியோட கூட கெடந்தா அதிர்ஷ்டம். ஷீட்டுக்கு எக்ஸ்ரே சாமான் விக்கிற கடையில 8×10 பச்சை பிலிம் (பச்சை வெளிச்சம் பதியிற வகை) கேளுங்க, சிவப்பு விளக்குல வச்சே அளவுக்கு வெட்டிக்கலாம். ரெண்டு பக்கமும் எமல்ஷன் (படம் பதியிற பூச்சு) இருக்கும், டிரேயில ஒரு நேரத்துக்கு ஒண்ணே ஒண்ணு போடுங்க, நகம் படாமப் பாத்துக்குங்க. சிவப்பு நிறம் அதுல கருப்பா விழும், அதனால உதடு அடர்த்தியா தெரிஞ்சா பிலிம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுராதீங்க.