கர்வால் டோல்காரர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உடன் வேலை பார்க்கும் நண்பனின் கல்யாணத்துக்காக உத்தராகண்டில் ருத்ரபிரயாக் பக்கம் ஒரு மலைக்கிராமத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு பெரியவரும் பதினைந்து வயதிருக்கும் அவர் பேரனும் டோல், தமாவ் என்ற இரண்டு கொட்டுகளை வாசித்துக்கொண்டே நடந்தார்கள். அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே தலைமுறை தலைமுறையாக வாசிக்கிற குடும்பமாம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் முற்றத்தின் ஓரமாகத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். "இவன் ரிஷிகேஷில் ஓட்டல் வேலைக்குப் போகப்போகிறான்" என்றார், சாதாரணமாக. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இந்தக் கலை இவரோடு முடிந்துவிடுமா? நம் ஊரில் இன்று பறையைக் கல்லூரி மாணவர்களும் ஐடி ஊழியர்களும்கூடக் கற்கிறார்கள். அங்கேயும் ஒரு பள்ளி தொடங்கி, யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்று வைத்தால் காப்பாற்றிவிடலாம் இல்லையா?

எம்., ஓசூர்

அன்புள்ள எம்.,

பையன் ஓட்டல் வேலைக்குப் போவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உங்கள் நண்பர் வீட்டுப் பையன் யாராவது அந்த டோலைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்கு வாசிக்கப் போவானா என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். அவர்கள் வீட்டுப் பையன் பெங்களூருக்கு வரலாம், இவன் மட்டும் கலையைக் காப்பாற்றிக்கொண்டு மலையிலேயே இருக்க வேண்டும் என்றால் எப்படி?

பெரியவரின் வேலையில் நீங்கள் பார்த்தது ஒரு துண்டுதான். பாஜ்கி, அவ்ஜி, தாஸ் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும் இந்த தலித் சமூகம், உத்தராகண்டின் மேற்குப் பகுதியான கர்வாலின் தொழில்முறை இசைக்காரர்கள். டோலுக்குச் செம்பு அல்லது பித்தளை உடம்பு. ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் வெறுங்கை. தமாவ் சின்னது, அடிப்பாகம் செம்பு, மேலே இறுக்கிக் கட்டிய தோல், இரண்டு மெல்லிய குச்சிகள். இரண்டும் பிரியாது. மலைக் குளிரின் ஈரத்தில் தோல் தொய்ந்துபோகும் என்பதால் வாசிப்பதற்கு முன் தீ மூட்டித் தமாவை அதன் பக்கம் காட்டுவார்கள். விரலால் தட்டிப் பார்ப்பார்கள், தலையாட்டிவிட்டு மறுபடி காட்டுவார்கள். அவசரமே இருக்காது. மாப்பிள்ளை வீட்டார் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஊர்வலம் கிளம்பிய பிறகு அடி மாறிக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நல்ல காரியத் தொடக்கத்துக்குப் பதாயி என்ற அடி. மேடு ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று, ஆற்றைக் கடக்கும்போது ஒன்று. எதிர்மலையில் இருக்கும் பெண் வீட்டார் சத்தத்தை வைத்தே ஊர்வலம் எங்கே வருகிறது என்று கணக்குப் போட்டு அடுப்பைப் பற்றவைப்பார்கள். செல்போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகளில் இன்றும் இதற்குப் பயன் உண்டு.

அப்புறம் சைத்ர மாதம். டோல்காரர் குடும்பத்தோடு வீடு வீடாகப் போய்ப் பாடுவார். தன் ஊரில் பிறந்து வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்களின் வீடுகளுக்கும் போவார். புகுந்த வீட்டு வாசலில் நின்று அவளுடைய பிறந்த வீட்டுப் பெயர்களைச் சொல்லிப் பாடுவார். அவள் தானியமும் துணியும் கொடுத்து அனுப்புவாள். எந்த வீட்டில் யார் பிறந்தார், எந்த ஊரில் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் பாண்டவர் கதையை ஆடும் பாண்டவ நிருத்தியம் நடக்கும் ஊர்களில் இரவிரவாக வாசிக்க வேண்டும். பீமனுக்கு ஒரு அடி, அர்ச்சுனனுக்கு ஒரு அடி. அடி சரியாக விழுந்தால்தான் ஆடுகிறவர் மேல் பீமன் இறங்குவார். எந்த இடத்தில் வேகம் கூட்டினால் ஆடுகிறவர் தாங்குவார், எங்கே நிறுத்தாவிட்டால் மயங்கி விழுவார் என்று பார்த்துக்கொண்டே வாசிப்பதும் அவர் பொறுப்பு. டோல் சாகர் என்று சிவனும் பார்வதியும் பேசிக்கொள்கிற வடிவில் ஒரு நூலும் உண்டு, அச்சிலும் கிடைக்கிறது. அதைப் படித்து யாரும் டோல்காரர் ஆனதில்லை.

இவ்வளவுக்கும் கூலி? தத்வார் என்பார்கள். ஒவ்வொரு அறுவடையிலும் வீட்டுக்கு இவ்வளவு தானியம். இன்னின்ன ஊர்கள் இன்னின்ன குடும்பத்துக்கு என்று பிரித்திருப்பார்கள். பக்கத்து ஊரில் நல்ல பணம் கிடைக்கிறது என்று போய்விட முடியாது. கொடுக்கிறவர் குறைத்துக் கொடுத்தாலும் கேட்க முடியாது. இப்போது அந்தத் தானியமும் இல்லை, ஏனென்றால் விதைக்க ஆள் இல்லை. 2011க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளில்லாமல் காலியாகிவிட்டன என்று மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018இல் சொன்னது. கேட்கிறவர்களே மலையிறங்கிவிட்ட பிறகு வாசிக்கிறவரை இருக்கச் சொல்கிறோம்.

முற்றத்து ஓரச் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சமோலி மாவட்டத்தில் சலூர்-துங்க்ரா ஊர்களின் ரம்மான் விழா 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதில் யார் எதைச் செய்வது என்பதெல்லாம் சாதிவாரியாகப் பிரித்தது. பூசை பிராமணர்களுக்கு, நரசிம்ம முகமூடி க்ஷத்திரியர்களான பண்டாரிகளுக்கு, கொட்டு தாஸ்களுக்கு. விழா நடக்கிற நாட்களில் கொட்டுக்காரர்களின் மதிப்பு உயரும் என்று பெருமையாகச் சொல்வார்கள். மற்ற நாட்களில்? எல்லார் வீட்டு மாப்பிள்ளைக்கும் முன்னால் வாசித்துப் போகிற இந்தச் சமூகத்தின் மாப்பிள்ளை, தன் கல்யாணத்தில் பல்லக்கில் ஏறக் கூடாது என்று தடுத்தார்கள். அதை எதிர்த்து தலித் தலைவர் ஜெயானந்த் பாரதி நடத்திய டோலா-பால்கி போராட்டம் 1920களில் தொடங்கிப் பல ஆண்டுகள் நீண்டது, காந்தி வரைக்கும் போனது. சுதந்திரத்தோடு தீர்ந்ததா என்றால் இல்லை. உத்தராகண்டின் இன்னொரு பகுதியான குமாவோனில் கஃபல்டா என்ற ஊரில் 1980இல் ஒரு தலித் மாப்பிள்ளை கோயிலுக்கு முன்னால் பல்லக்கை விட்டு இறங்க மறுத்ததில் ஆரம்பித்த தகராறில் 14 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்தப் பெரியவருக்கு அப்போது என்ன வயது இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பறையைச் சொன்னீர்கள். சரிதான், பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன்னால், சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு ஐடி ஊழியர் பறை வகுப்புக்குப் போவதை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் அங்கே வைக்க முடியாது. ரிஷிகேஷ் போகிற பையன் டோலைக் கீழே வைக்கிறான், அவ்வளவுதான். பிறகு அவனே ஒருநாள் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். அது அவன் பாடு.

கல்யாணத்தில் மஷக்பீனும் வாசித்திருப்பார்களே, தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊதுவது. அது பிரிட்டிஷ் பட்டாளத்தோடு வந்த ஸ்காட்லாந்து வாத்தியம். கர்வால் ரைபிள்ஸ் 1887இல் தொடங்கியது. பட்டாளத்து பேண்டில் சம்பளத்துக்கு வாசித்தவர்கள் மூலம் அது ஊருக்குள் வந்து, இன்று அது இல்லாமல் கல்யாணமே இல்லை. யாரும் காப்பாற்றச் சொல்லாமலே ஒரு வாத்தியம் அந்த மலையில் நின்றுவிட்டது பாருங்கள்.

பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்ரீநகரில் (காஷ்மீர் அல்ல, அலக்நந்தா கரையில் இருப்பது) ஹேமவதி நந்தன் பகுகுணா கர்வால் பல்கலைக்கழகத்தில் நாட்டார் நிகழ்த்துகலைகளுக்கென்று ஒரு மையம் இருக்கிறது. அவ்ஜி குடும்பத்தில் பிறந்து அப்பா, தாத்தாவிடம் கற்ற பிரீதம் பர்த்வான், தெய்வத்தை அழைக்கும் பாட்டான ஜாகர் பாடிப் பெயர் பெற்று, அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகம் வரை போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 2019இல் பத்மஸ்ரீ. பெண்கள் ஜாகர் பாடி மேடையேறும் வழக்கமே இல்லாத இடத்தில், அம்மாவிடம் கேட்டு வளர்ந்த நந்தாதேவி ஜாகரை நாற்பது வயதுக்கு மேல் பாட வந்தவர் பசந்தி பிஷ்ட். அவருக்கு 2017இல் பத்மஸ்ரீ. இருவருக்கும் வாழ்வு கொடுத்தது தத்வார் தானியம் இல்லை, வானொலியும் மேடையும். அங்கே காசு கைக்கு வந்தது, எந்த ஊருக்கும் போக முடிந்தது.

வகுப்பில் அடியைச் சொல்லிக்கொடுக்கலாம். சைத்ர மாதத்து வீடுகளைச் சொல்லிக்கொடுக்க முடியாது, ஆற்றங்கரையில் எப்போது மாற்றுவது என்பதையும் முடியாது. தாத்தாவுக்குப் பின்னால் தமாவ் வாசித்துக்கொண்டு நடந்த பையனுக்கே அது தெரியும். அதில் பாதி போகும். போகட்டும். ஆனால் பள்ளி திறந்தால் அதில் வாத்தியார் யார் என்பதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். இசையில் பட்டம் வாங்கிய ஒருவரை மாதச் சம்பளத்தில் வைத்துவிட்டு, பெரியவரை ஆண்டுக்கு ஒருமுறை பட்டறைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, பஸ் காசு கொடுத்து அனுப்பும் வழக்கம் இந்தியா முழுக்க உண்டு. அப்படி ஒரு பள்ளிக்கு நீங்கள் நன்கொடை கேட்டால் நான் தர மாட்டேன். மாதச் சம்பளம் பெரியவருக்கு, பி.எஃப். உட்பட. யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்பது அதற்குப் பிறகு. முதல் வகுப்பில் உங்கள் நண்பர் வீட்டுப் பிள்ளைகள் உட்காரட்டும்.

ஒரு விவரம் மட்டும் வேண்டும். ஊர்வலம் முடிந்து ராத்திரி டிஜே வைத்திருப்பார்கள், இப்போது எல்லா மலைக் கல்யாணத்திலும் வைக்கிறார்கள். டிஜேக்கு எவ்வளவு, பெரியவருக்கும் பேரனுக்கும் சேர்த்து எவ்வளவு என்று நண்பரிடம் கேட்டு எழுதுங்கள்.