"எல்லா வண்டிக்கும் சேரும்": பழைய கார் உதிரிபாகங்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: என்னுடைய 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன்சக்கரங்களுக்குக் கீழ் ட்ரனியன் (சக்கரம் திரும்ப இடம் தரும், உள்ளே மரை வெட்டிய மூட்டு) இரண்டு வாங்கினேன். இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே என்றார் கடைக்காரர். ஒரு பக்கம் ஏறிவிட்டது. மறுபக்கம் மரை ஏறவில்லை. பழையதைப் பட்டறையிலேயே எடைக்குப் போட்டுவிட்டார்கள். (திருச்சி வாசகர்)

பதில்: ஏறாது. ஹெரால்டில் ஒரு பக்கத்து ட்ரனியனுக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை. இது தெரியாதவர் அதை விற்கக் கூடாது. தெரிந்தே விற்றிருந்தால் அது ஏமாற்று. பில்லுடன் சென்று மாற்றித் தரக் கேளுங்கள். லேத்தில் மரை வெட்டிச் சமாளிக்கலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள், ஏனெனில் அந்த இடம் முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். இதே அமைப்பு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேயக் காரிலும் இருப்பதால் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பக்கத்தையும் சேஸிஸ் எண்ணையும் குறிப்பிட்டே கேளுங்கள். மாட்டிய பிறகு அதற்குள் கிரீஸ் அடைக்க விடாதீர்கள். அங்கே செல்ல வேண்டியது 90 எண் கியர் ஆயில்.

"எல்லா வண்டிக்கும் சேரும்" என்ற சொற்றொடரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் எண்ணையோ ஆண்டையோ கேட்காமல் பெட்டியை எடுத்து நீட்டுபவர் உங்கள் தேவையை விற்பதில்லை, தன் அலமாரியைக் காலி செய்கிறார். அப்படி ஒருவர் எனக்கு விற்ற பெட்ரோல் பம்ப், பழையதைக் கழுவிச் சாயம் பூசிப் புதுப் பெட்டியில் வைத்தது. அதன் உள்ளிருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) ஏற்கெனவே வெடித்திருந்தது. ஆனால் வாங்குபவர்களும் குறைந்தவர்கள் அல்லர். கழற்றிய பாகத்தைக் கையில் எடுத்துச் செல்லாமல், அதை வர்ணித்தே வாங்கிவிடலாம் என்று நம்புகிறவர்களிடம் எனக்குப் பொறுமை மிச்சமில்லை. புதியது பொருந்தி ஓடும் வரை பழையதை எடைக்குப் போடாதீர்கள்.

கேள்வி: 1975 ஸ்டாண்டர்ட் கெஸலுக்காக, ஹெரால்டின் பின்பக்கக் குறுக்கு ஸ்பிரிங்கை மலிவாக வாங்கி வைத்திருக்கிறேன். சிறு மாற்றத்துடன் பொருத்த இயலுமா? (மதுரை வாசகர்)

பதில்: இயலாது. பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் ஹெரால்டின் ஊசல் ஆக்ஸிலைக் கைவிட்டு, இரண்டையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்ஸிலுக்கு மாறிய வண்டியே கெஸல். வாங்குமுன் இரண்டு வண்டிகளுக்கும் அடியில் குனிந்து பார்த்திருக்கலாம்.

கேள்வி: "மாருதி 800, எல்லா மாடலும்" என்று விளம்பரம் செய்த இணைய விற்பனையாளரிடம் என் 1985 வண்டிக்கு முன்கண்ணாடி வாங்கினேன். பொருந்தவில்லை. பிரித்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார். (கோவை வாசகி)

பதில்: தவறு அவருடையது, அம்மா. 1986-இல் 800-இன் உடலமைப்பே மாறிவிட்டது. முதல் தலைமுறை வண்டிக்குப் பிற்காலக் கண்ணாடி பொருந்துமென்று எதிர்பார்க்க நியாயமில்லை. விளம்பரப்படி இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. விளம்பரத்தை அவர் திருத்துமுன் படம் எடுத்து வையுங்கள். எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஆம்னி எஞ்சினை அப்படியே 800-இல் வைக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: இரண்டும் 796 சி.சி., ஒரே குடும்பம்தான். ஆனால் ஆம்னியில் எஞ்சின் நீளவாட்டில் அமர்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது; 800-இல் குறுக்காக அமர்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. உள்பாகங்களுக்காக வாங்குவதானால் அளவெடுத்து வாங்குங்கள். முழு எஞ்சினையே மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதலும் ஆர்.சி.யில் புதிய எஞ்சின் எண்ணும் வேண்டும்.

கேள்வி: ஆர்.சி. தொலைந்துவிட்ட பிரீமியர் பத்மினி பாதி விலைக்குக் கிடைக்கிறது. உரிமையாளர் யாரென்று விற்பவருக்கே தெரியாதாம். (வேலூர் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள்.