ஒரே ஒரு பெட்டியின் ஸ்க்ரோல்பாரை மட்டும் சிஎஸ்எஸ்-இல் மாற்றுவது எப்படி?

கேள்வி: சென்னை மின்சார ரயில் நேரம் காட்டும் பக்கம் ஒன்று செய்கிறேன். கடற்கரை–தாம்பரம் தடத்தின் 18 நிலையங்களும் ஒரு சின்னப் பெட்டிக்குள் வரும். அந்தப் பெட்டியின் ஸ்க்ரோல்பாருக்கு மட்டும் தனி அகலமும் நிறமும் வேண்டும். வெப்கிட் விதிகளைப் போட்டும் குரோமில் ஒன்றும் மாறவில்லை. ஏன்?

பதில்: முதலில் பக்கம் முழுமைக்குமான ரூட் அல்லது ஹெச்டிஎம்எல் விதியில் யாராவது ஸ்க்ரோல்பார்-கலர் போட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தச் சிக்கலுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ஸ்க்ரோல்பாரை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. பழையது வெப்கிட்-ஸ்க்ரோல்பார் என்ற சூடோ எலிமெண்ட் (ஒரு எலிமெண்டின் பகுதியை மட்டும் குறிப்பது) குடும்பம். புதியது ஸ்க்ரோல்பார்-கலர், ஸ்க்ரோல்பார்-விட்த் என்ற இரண்டு ப்ராப்பர்ட்டிகள். ஃபயர்ஃபாக்ஸ் 2018-இல் 64-ஆம் பதிப்பிலேயே இவற்றை ஏற்றுக்கொண்டது. குரோம் 2024-இல் 121-ஆம் பதிப்பில்தான். அதிலிருந்து குரோமில் ஒரு எலிமெண்டுக்கு இந்த இரண்டில் ஏதாவது ஒன்று ஆட்டோ அல்லாத மதிப்பு பெற்றால், அதன் வெப்கிட் விதிகள் மொத்தமும் தள்ளிவிடப்படும். இன்னொன்று: ஸ்க்ரோல்பார்-கலர் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும், ஸ்க்ரோல்பார்-விட்த் இறங்காது. அதனால் ரூட்டில் போட்ட நிறம் உங்கள் பெட்டி வரை வந்து வெப்கிட் விதிகளை அணைத்துவிடுகிறது. பெட்டியின் விதியில் ஸ்க்ரோல்பார்-கலர்: ஆட்டோ என்று ஒரு வரி சேர்த்தால் அவை உயிர் பெறும்.

இடைவெளிப் பிழையையும் பாருங்கள். பெட்டியின் கிளாஸ் பெயருக்கும் இரட்டை முக்காற்புள்ளிக்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் விழுந்தால், விதி பெட்டிக்குப் போகாமல் உள்ளே இருக்கும் எலிமெண்டுகளுக்குப் போய்விடும்.

நிறமும் மெல்லிய பட்டையும் போதுமென்றால் புதிய வழியே நல்லது. ஸ்க்ரோல்பார்-கலருக்கு இரண்டு நிறங்கள்: முதலாவது நாம் இழுக்கும் பிடிக்கு, இரண்டாவது அது நகரும் தடத்துக்கு. இரண்டுக்கும் இடையே 3:1 கான்ட்ராஸ்டாவது இருக்கட்டும். வெளிர் சாம்பல்மேல் வெளிர் சாம்பல் வைத்தால் வயதானவர்களுக்குப் பிடி எங்கே என்றே தெரியாது. ஸ்க்ரோல்பார்-விட்த் ஏற்பது ஆட்டோ, தின், நன் மூன்றை மட்டுமே. பிக்சல் கணக்கு கொடுக்க முடியாது.

பிக்சல் அகலம், உருண்ட முனை எல்லாம் வேண்டுமென்றால் வெப்கிட் வழிக்கு வாருங்கள். வெப்கிட்-ஸ்க்ரோல்பாருக்கு விட்த் 12 பிக்சல் கொடுங்கள். இதை விட்டுவிட்டு தம்ப்பை, அதாவது பிடியை, மட்டும் அலங்கரித்தால் எதுவும் நடக்காது. தம்ப்புக்கு பேக்ரவுண்ட்-கலர், பார்டர்-ரேடியஸ் 6 பிக்சல், 3 பிக்சல் டிரான்ஸ்பேரன்ட் பார்டர், பேக்ரவுண்ட்-கிளிப்: பேடிங்-பாக்ஸ். இப்போது கண்ணுக்குத் தெரியும் பிடி 6 பிக்சல்தான். ஆனால் மவுஸால் பிடிக்க 12 பிக்சலும் கிடைக்கும். ஹோவர் விதியில் பேக்ரவுண்ட் என்ற சுருக்கத்தை எழுதிவிடாதீர்கள். அது கிளிப்பையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். மவுஸ் மேலே வந்ததும் பிடி சட்டென்று 12 பிக்சலுக்கு உப்பும். அங்கேயும் பேக்ரவுண்ட்-கலர் என்றே எழுதுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸுக்கு வெப்கிட் விதிகள் புரியாது. ஆகவே புதிய ப்ராப்பர்ட்டிகளை சப்போர்ட்ஸ் நாட் செலக்டர் (இந்த செலக்டரை பிரவுசர் அறியாவிட்டால் மட்டும்) என்ற நிபந்தனைக்குள் வையுங்கள்; அதன் அடைப்புக்குறிக்குள் வெப்கிட்-ஸ்க்ரோல்பார் என்று கொடுங்கள். குரோம் அதைத் தாண்டிப் போகும், ஃபயர்ஃபாக்ஸ் உள்ளே நுழையும். இரண்டு வழிகளையும் நிபந்தனையில்லாமல் ஒன்றாக எழுதுவதுதான் பலரும் செய்யும் தவறு.

ஸ்க்ரோல்பாரே வரவில்லை என்றால் அது வேறு கதை. பெட்டிக்கு உயர வரம்பும் ஓவர்ஃப்ளோ-ஒய்: ஆட்டோவும் வேண்டும். நெடுவாக்கு ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் பெட்டியென்றால், இரண்டுக்கும் இடையே இருக்கும் வேறு எலிமெண்ட் உள்ளடக்கத்தைவிடச் சுருங்க மறுத்து நீண்டுகொண்டே போகலாம். அப்படி ஒன்று இருந்தால், அதற்கு மின்-ஹைட் 0 கொடுங்கள்.

தேடல் கட்டம் வைத்திருக்கிறீர்களா? ‘தாம்பரம்’ என்று அடித்தால் தாம்பரம் சானடோரியம், தாம்பரம் இரண்டு மட்டும் மிஞ்சும், ஸ்க்ரோல்பார் மறையும், எழுத்துகள் வலப்பக்கம் குதிக்கும். ஸ்க்ரோல்பார்-கட்டர்: ஸ்டேபிள் போட்டால் அந்த இடம் காலியாகவே காத்திருக்கும், குதிப்பு இருக்காது. கீபோர்டால் மட்டும் நகர்பவர்களுக்காகப் பெட்டியில் டேப்இண்டெக்ஸ் 0 சேர்த்துவிடுங்கள்.

போனில் இந்த அலங்காரத்தை நம்ப வேண்டாம். அங்கே ஸ்க்ரோல்பார் உள்ளடக்கத்தின் மேலே மிதக்கும், விரலை எடுத்ததும் மறையும். கீழே இன்னும் இருக்கிறது என்பதை உயரத்தாலேயே காட்டுங்கள். ஒரு வரிக்கு 40 பிக்சல் என்றால் பெட்டிக்கு 240 வேண்டாம், 220 கொடுங்கள். ஆறாவது நிலையமான நுங்கம்பாக்கம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். விரல் தானாக மேலே தள்ளும்.