வீட்டு சர்வரில் சாதா எஸ்எஸ்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், திருமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ஃபைல் சர்வராக மாற்றும் ட்ரூநாஸ் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு 150 ஜிபி வரை படமும் வீடியோவும் சேரும். சாதாரண 1 டிபி எஸ்எஸ்டி போட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் எழுதும் டிஸ்க், எழுத எழுதத் தேயும். எவ்வளவு என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒவ்வொரு எஸ்எஸ்டிக்கும் டிபிடபிள்யூ என்று ஒரு எண் உண்டு. வாரண்டி செல்லும் வரை மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பது அது. சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு அது 600, வாரண்டி 5 வருடம். பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய 330 ஜிபி. அதாவது தினமும் இரண்டு கல்யாணம், 5 வருடத்துக்கு விடாமல். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே கிடையாது. தேய்மானத்தை மறந்துவிடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது எழுதும் வேகத்தை. அதே 870 வரிசையில் க்யூவிஓ என்று விலை குறைந்த ஒன்று இருக்கிறது. அதன் 1 டிபி மாடலில் முதல் 42 ஜிபி வரை வேகமாக ஏறும். அதற்குப் பிறகு வினாடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும். உங்களிடம் இருப்பது ஜிகாபிட் நெட்வொர்க் என்றால் வினாடிக்கு 110 எம்பிக்கு மேல் ஒயரே தாங்காது. அதனால் 150 ஜிபி ஏற ஈவோவில் 23 நிமிடம், க்யூவிஓவில் அரை மணி. பொறுத்துக்கொள்ளலாம். 2.5 ஜிகாபிட்டுக்கு மாறினால் ஈவோவில் 9 நிமிடத்தில் முடிகிற வேலை க்யூவிஓவில் 25 நிமிடம் இழுக்கும். மாறும் எண்ணம் இருந்தால் ஈவோ மாதிரி டிஎல்சி (சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது; க்யூவிஓவில் நான்கு) வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. ஜிகாபிட்டில் பெரிய வீடியோவை நகர்த்த ஹார்ட் டிஸ்க்கே போதும். ஆயிரக்கணக்கான படங்களின் சின்ன முன்தோற்றங்களைத் திறக்கும்போதுதான் எஸ்எஸ்டியின் அருமை தெரியும். ஆகவே கையில் இருக்கும் வேலையை மட்டும் அதில் வையுங்கள். ஆல்பம் கொடுத்து முடித்ததை 4 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, மேலூர் பக்கம் கரண்ட் அடிக்கடி போய் வருகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, போதாதா?

பதில்: சாதா எஸ்எஸ்டிக்கும் டேட்டா சென்டர் எஸ்எஸ்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. டேட்டா சென்டர் வகையின் போர்டில் வரிசையாகச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். கரண்ட் போன நொடியில் மெமரியில் நிற்கும் டேட்டாவை எழுதி முடிக்கும் அளவுக்கு அவை தாக்குப்பிடிக்கும். நாம் கடையில் வாங்கும் எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு கிடையாது. எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போகும். அபூர்வமாக, எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே கெட்டு டிஸ்க் கண்ணில் படாமல் போகும்.

உங்கள் இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அது ஆஃபில் இருந்தால் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப எழலாம். சர்வரை வைத்துச் சோதிக்காதீர்கள். வேறு பழைய கம்ப்யூட்டரை மாட்டி மெயினை அணைத்துப் பாருங்கள். அப்புறம், ஈபி மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க நிறுத்தும் நாளில் இன்வெர்ட்டர் பேட்டரியும் தீரும். அதற்கு யூஎஸ்பி போர்ட் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்று வேண்டும். விலை மலிவான பலவற்றில் அந்த போர்ட் இருக்காது, கேட்டு வாங்குங்கள். கேபிளை சர்வரில் செருகி நட் என்ற இலவச மென்பொருளை அமைத்தால், பேட்டரி குறைந்ததும் சர்வர் தானே ஒழுங்காக அணையும். விலை கூடிய எஸ்எஸ்டிக்கு எடுத்து வைத்த காசில் முதலில் இதை வாங்குங்கள் என்றுதான் எல்லாருக்கும் சொல்லி வருகிறேன்.

கேள்வி: வில்லாபுரத்தில் மொட்டை மாடி அறை. சித்திரை வெயிலில் என்விஎம்இ (மதர்போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டி) தாங்குமா?

பதில்: சூடு ஏறினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட் சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) ஒட்டி, மேலே காற்று படும்படி ஒரு ஃபேன் வையுங்கள். அப்படியும் 70 டிகிரியைத் தாண்டினால் சர்வரைக் கீழ் வீட்டுக்கு இறக்கிவிடுங்கள்.

கேள்வி: ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் ஈபி பில் குறையுமா?

பதில்: ஒரு டிஸ்க்குக்கு 5 வாட் மிச்சம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாத பில்லில் 7 யூனிட்தான். இதற்காக மாற்ற வேண்டாம்.

கேள்வி: டவுன்ஹால் ரோட்டில் ஒரே மாடலில் இரண்டு எஸ்எஸ்டி வாங்கி, இரண்டிலும் ஒரே டேட்டா எழுதும்படி மிரர் போட்டேன். இனி பேக்கப் தேவையில்லைதானே?

பதில்: கட்டாயம் தேவை. நீங்கள் தவறி அழித்தால் மிரரும் அதே நொடியில் அழிக்கும். ஒரே மாடல் என்பதும் ஆபத்து. 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம், தன் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டிகள் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கோளாறால் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், டேட்டாவை மீட்க முடியாது என்று அறிவித்தது. ஒரே நாளில் மாட்டிய இரண்டும் ஒரே நேரத்தில் போகும். அதுவும் டேட்டா சென்டர் வகைதான்.

கடைக்காரர் மாற்றித் தருவார் என்றால் ஒன்றைக் கொடுத்து வேறு கம்பெனியில் வாங்குங்கள். பேக்கப்புக்கு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் போதும். பீரோவில் பூட்டி வைக்க எஸ்எஸ்டி வேண்டாம். கரண்டே காட்டாமல் வருடக்கணக்கில் கிடந்தால், அதிலும் நன்றாக உழைத்துத் தேய்ந்ததாக இருந்தால், டேட்டா மெல்ல மங்கும். அந்த ஹார்ட் டிஸ்க்கைச் சொந்தக்காரர் யாராவது வீட்டில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து வந்து புதியதை ஏற்றுங்கள். ஏற்றியதும் பழைய ஃபைல் நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டே திருப்பிக் கொடுங்கள்.