கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூ: 2.5 மில்லியா, அங்குலத்துக்குப் பத்தா?

கேள்வி: ஐயா, பழைய மைஃபோர்டு எம்எல்7 லேத் ஒன்றை வாங்கிச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் ஸ்லைடு நகர்கிறது. ஸ்க்ரூ, நட் இரண்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். வெர்னியரில் மரைக்கு மரை 2.5 மி.மீ. வருகிறது. பக்கத்துப் பட்டறை டர்னரும் 2.5 பிட்ச் (மரை இடைவெளி) போட்டுவிடலாம் என்கிறார். சரியா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் தம்பி, அவசரப்படாதீர்கள். டயலில் 100 கோடு இருந்து, கோட்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று என்றால், அது அங்குலத்துக்கு 10 மரை, பிட்ச் 2.54 மி.மீ. அந்த 0.04 வித்தியாசம் ஒற்றை மரையில் பிடிபடாது, அதுவும் தேய்ந்த மரையில்.

ஸ்க்ரூவை மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். ஒரே அளவு ட்ரில் பிட் இரண்டின் தண்டை மரைப் பள்ளத்தில் கிரீஸ் தடவி உட்கார வையுங்கள். தேய்மானம் நடுவில்தான் இருக்கும். அதனால் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று. முதல் பள்ளத்தைப் பூச்சியம் என்று எண்ணத் தொடங்கி இருபதாவதில் இரண்டாவதை வையுங்கள். வெளிப்பக்கம் அளந்து ஒரு ட்ரில்லின் விட்டத்தைக் கழித்தால் 50.8 வரும். 2.5 பிட்ச் என்றால் 50.0தான் வரும். இந்த 0.8 எந்த வெர்னியருக்கும் தெரியும்.

2.5 போட்டுவிட்டால், டயல் ஒரு அங்குலம் காட்டும்போது ஸ்லைடு 25 மி.மீ.தான் போயிருக்கும். 0.4 குறை, கடையும் பொருளின் விட்டத்தில் அது இரண்டு பக்கமும் சேர்ந்து 0.8. நல்ல லேத்தை அப்படிக் கெடுக்க எனக்கு மனம் வராது.

டர்னர் 2.5 சொல்வதற்கு, அவருடைய லேத்தில் மெட்ரிக் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் ஸ்க்ரூ) இருப்பதும், அதில் அங்குல மரை வெட்டத் தேவையான 127 பல் கியர் இல்லாததும் காரணமாக இருக்கலாம். லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை உள்ள லேத் இருக்கும் பட்டறையாகப் பாருங்கள். ஓட்டும் கியர் 40 பல், ஓடும் கியர் 100 பல் மாட்டினால் பத்து மரை வந்துவிடும்.

அப்புறம், இது இடது மரை. கைப்பிடியை வலப்பக்கம் சுற்றினால் டூல் உள்ளே போக வேண்டுமல்லவா, அதற்காகத்தான். மரை ஆக்மி (அங்குல அளவுச் சரிவக மரை), கோணம் 29 டிகிரி; 30 டிகிரி மெட்ரிக் டூலைக் கொடுத்துவிடப் போகிறார், சொல்லி வையுங்கள்.

ஸ்க்ரூ வெட்டும் அதே செட்டிங்கில் சில்வர் ஸ்டீலில் (கருவி செய்யும் எஃகு) ஒரு டேப்பையும் (நட்டுக்குள் மரை வெட்டும் கருவி) வெட்டிவிடச் சொல்லுங்கள். கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டுக்கு அந்த டேப்பையே போட்டால் ஆட்டம் மிகவும் குறைந்துவிடும்.