மே மாதம் 40-ஆம் தேதி எப்போது வரும்?

வாசகர் கேள்வி–பதில். இந்த இதழில் ஸ்பானியப் பழமொழிகளைப் பற்றி வந்த கேள்விகள் மட்டும்.

கேள்வி: "மே 40 வரை மேலங்கியைக் கழற்றாதே" என்று ஒரு ஸ்பானியப் பழமொழி படித்தேன். மே மாதத்துக்கு 31 நாள்தானே? அச்சுப் பிழையா? — வாசகி, திருச்சி

பதில்: பிழை இல்லை. மே 31-க்குப் பிறகும் நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போங்கள். நாற்பதாவது நாள் ஜூன் 9. மே மாதத்துக்கு ஸ்பானியத்தில் 'மாயோ'. அந்தக் காலத்துத் தொளதொள மேலங்கிக்கு 'சாயோ'. எதுகைக்காக ஜூன் 9 இப்படி மே 40 ஆனது.

ஸ்பெயினின் நடுவிலுள்ள மேட்டுநிலத்துக்கு இது மிகவும் பொருந்தும். மாட்ரிட் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 650 மீட்டர். புர்கோஸ் 850 மீட்டருக்கும் மேல். அங்கே மே மாதப் பகலில் வெயில் காய்ந்துவிட்டு, இரவில் வடகாற்று திரும்பினால் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். குளிர்காலத் துணியை மூட்டை கட்டியவர்கள் அந்த இரவில் நடுங்குவார்கள். தெற்கே செவில்லியாவில் அதே மாதம் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அங்கே மேலங்கி போட்டால் வேர்த்துக் கொட்டும். ஒரு பழமொழியைக் கடைப்பிடிக்குமுன் எந்த ஊர்க் காற்றைப் பார்த்து அதைச் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இதற்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு: பருவம் சரியில்லாத ஆண்டில் "ஜூன் 40 வரை", அதாவது ஜூலை 10 வரை.

கேள்வி: "சாந்தா லூசியா நாளில் இரவு தேயும், பகல் வளரும்" என்கிறார்கள். அந்த நாள் டிசம்பர் 13. ஆனால் ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 என்றுதானே பள்ளியில் படித்தோம்? — ஆசிரியர், மதுரை

பதில்: சொன்ன காலத்தில் அது சரிதான், மாறியது நாள்காட்டி. பழைய ஜூலியன் நாள்காட்டியின் ஆண்டு உண்மையான ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். அந்த மிச்சம் ஏறக்குறைய 128 ஆண்டுக்கு ஒரு நாளாகச் சேரும். 1300-ஐ ஒட்டிய காலத்தில் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 13-ஐ ஒட்டியே வந்தது. 1582-ல் திருத்தம் செய்தபோது ஸ்பெயினில் அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி ஆனது. புனிதரின் திருநாள் 13-லேயே நின்றுவிட்டது. குறுகிய பகல் மட்டும் 21, 22-க்கு நகர்ந்துவிட்டது.

ஆனாலும் பாதி உண்மை இன்றும் மிச்சமிருக்கிறது. மாட்ரிட்டில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பர் 8-ஐ ஒட்டி. 13-ஆம் தேதி மாலை ஒரு நிமிட அளவுக்கு நீளத் தொடங்கியிருக்கும். காலை விடியல் மட்டும் ஜனவரி முதல் வாரம் வரை தாமதமாகிக்கொண்டே போகும். ஆகவே சாயங்காலம் வயலிலிருந்து திரும்புபவருக்குப் பழமொழி மெய். விடியலில் மாடு ஓட்டிப் போகிறவருக்குப் பொய். வகுப்பில் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், மாணவர்கள் விரும்புவார்கள்.

கேள்வி: "பரிசாக வந்த குதிரையின் பல்லைப் பார்க்காதே" என்பது நம்முடைய "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" போலவே இருக்கிறதே! பல்லில் அப்படி என்ன தெரியும்? சித்தப்பா தன் பழைய ஸ்கூட்டரை எனக்குக் கொடுக்கிறார், சோதித்துப் பார்த்தால் தப்பா? — வாசகர், விருதுநகர்

பதில்: பல்லில் வயது தெரியும், குதிரையின் விலையே வயதில்தான். முன்பற்கள் மேலே ஆறு, கீழே ஆறு. பால்பல் விழுந்து நிலைப்பல் முளைப்பது நடு ஜோடியில் இரண்டரை வயதில், அடுத்த ஜோடியில் மூன்றரையில், ஓர ஜோடியில் நாலரையில். பிறகு கீழ்ப்பல்லின் மெல்லும் பரப்பிலுள்ள கருங்குழியைப் பார்க்க வேண்டும். நடுவில் 6, அடுத்ததில் 7, ஓரத்தில் 8 வயதளவில் அது தேய்ந்து மறையும். அதற்குமேல் கணிப்பது கடினம். மேல் ஓரப்பல்லில் ஒரு நெடுக்குக் கோடு 10 வயதில் ஈறருகே தோன்றி, 15-ல் பாதிக்கு வந்து, 20-ல் நுனியைத் தொடும் என்பது ஓர் உத்தேசக் கணக்கு. மணல் கலந்த மேய்ச்சலில் பல் விரைவாகத் தேய்வதால் இளங்குதிரையும் கிழமாகத் தெரியும். கிழக் குதிரையின் பல்லில் குழி தோண்டிச் சூடு வைத்துக் கருக்கி, இளசு என்று விற்ற தரகர்களும் இருந்தார்கள். விலைக்கு வாங்குகிறவர் வாயைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

கொடுப்பவர் முகத்துக்கு எதிரே விலை மதிக்காதே என்பதுதான் பழமொழி. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பார்ப்பதை அது தடுக்கவில்லை. சித்தப்பாவுக்கு மனமார நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிரேக், டயர், ஒயரிங் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள். இதை விட்டுவிட்டால், விபத்து ஏதும் நடந்தால் வழக்கு சித்தப்பா வீட்டுக்குப் போகும். அன்பாகக் கொடுத்தவருக்கு அந்தத் தொல்லை வரக்கூடாது.

கேள்வி: "அதிகாலையில் எழுபவனுக்குக் கடவுள் துணை" என்றும், "எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் பொழுது முன்னதாக விடியாது" என்றும் சொல்கிறார்களே, எதைக் கேட்பது? — வாசகி, புதுச்சேரி

பதில்: நான் இரண்டு மணி நேரம் முன்னதாகத் தொடங்கினால் வேலை முன்னதாக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியும் என்றால் முதலாவது. சந்தை, அறுவடை, படிப்பு எல்லாம் இதில் அடங்கும். விதை முளைப்பது, அலுவலகத்தில் கோப்பு நகர்வது, உடைந்த எலும்பு கூடுவது போன்றவற்றுக்கு இரண்டாவது. அங்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் பயனில்லை.

கேள்வி: "பக்கத்து வீட்டுக்காரன் தாடி மழிக்கப்படுவதைக் கண்டால் உன் தாடியை நனைத்து வை." எங்கள் நிறுவனத்தில் பக்கத்துப் பிரிவில் ஆட்குறைப்பு. இந்தப் பழமொழிதான் நினைவில் ஓடுகிறது. என்ன செய்ய? — வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. பழமொழி 'எதிர்த்து நில்' என்றோ 'ஓடிப்போ' என்றோ சொல்லவில்லை. கத்தி வந்தால் காயம் குறையட்டும் என்கிறது. காய்ந்த தாடி முடி விறைப்பாக இருக்கும். கத்தி அதை இழுக்கும், தோல் கீறும். வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் முடி மென்மையாகிவிடும். அதற்கு நேரம் வேண்டும், ஆகவே முன்கூட்டியே நனைக்கச் சொன்னார்கள்.

முதலில் மருத்துவக் காப்பீடு. நிறுவனம் தந்த காப்பீடு வேலையோடு போய்விடும். சொந்தமாக எடுக்கும் புதுக் காப்பீட்டில் பொதுவாக முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. ஆகவே இப்போதே எடுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகளின் நகல்களை வீட்டில் வையுங்கள். பி.எஃப். கணக்கு உங்கள் சொந்த கைபேசி எண்ணோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுத் தவணை எதிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: மைத்துனர் கடன் கேட்கிறார். எழுதி வாங்கச் சங்கடம். "கணக்கு தெளிவாக, சாக்லேட் கெட்டியாக" என்றார் ஸ்பானியம் படிக்கும் என் மகள். சாக்லேட் இதில் எங்கே வந்தது? — வாசகி, கோவை

பதில்: மெக்சிகோவிலிருந்து வந்த சாக்லேட் பானம் ஸ்பெயினில் கெட்டியாகவே குடிக்கப்படுகிறது, சூரோ என்ற பொரித்த பண்டத்தை அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கோப்பையின் அடி தெரியக்கூடாது, கணக்கின் அடி தெரிய வேண்டும்.

எழுதுவதை நீங்களே இயல்பாகத் தொடங்குங்கள்: "எனக்கு மறந்துவிடும், குறித்து வைத்துக்கொள்ளலாம்." தொகை, தேதி, எந்த மாதம் எவ்வளவு திரும்பும் என்று ஒரே தாளில் இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியே அனுப்புங்கள். "முடியும்போது கொடு" என்ற பேச்சில்தான் உறவு கெடுகிறது. இடையில் கையில் கொடுத்த சிறு தொகைகளை யாரும் குறிப்பதில்லை, சண்டை அங்கிருந்தே கிளம்பும். ஒவ்வொரு வரவையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மகள் சாக்லேட் செய்து பார்க்க ஆசைப்பட்டால்: அரை லிட்டர் பால், 100 கிராம் டார்க் சாக்லேட், ஒரு மேசைக்கரண்டி சோள மாவு. மாவை ஆறிய பாலில் கொஞ்சம் எடுத்துக் கரைத்த பிறகே சூடான பாலில் ஊற்ற வேண்டும். நேராகப் போட்டால் கட்டி தட்டும். சாக்லேட்டைச் சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் சில நிமிடத்தில் கெட்டிப்படும். ஸ்பெயினிலிருந்து வரும் 'கோப்பைச் சாக்லேட்' கட்டியில் 8 சதவீதம் வரை மாவு ஏற்கெனவே இருக்கலாம். அதை வாங்கினால் சோள மாவு வேண்டாம்.